டிக்கியில் நிற்கும் தண்ணீர்: பூசுவதா, தேடுவதா?



ஆண்டு மலர் என்றால் கவிதை இருக்கும், நட்பு பற்றிக் கட்டுரை இருக்கும், பிரிவு உபசாரம் இருக்கும். இருக்கட்டும், அதெல்லாம் வேண்டியதுதான். நான் எழுத எடுத்துக்கொண்டது காரின் டிக்கியில் தண்ணீர் தேங்கும் சமாச்சாரம். சிரிக்காதீர்கள். ஐப்பசி பிறந்து நாலு மழை பெய்யட்டும், நம் ஒரத்தநாட்டிலிருந்து பட்டுக்கோட்டை போகிற ரோட்டில் எந்த ஒர்க்‌ஷாப் வாசலிலாவது அரை மணி நேரம் நின்று பாருங்கள். "அண்ணே, டிக்கியில தண்ணி நிக்குது, என்னன்னு பாருங்கண்ணே" என்று ஒருத்தராவது வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார். அதற்குக் கிடைக்கிற வைத்தியம் என்ன? ஒரு சிலிகான் ட்யூப். கண்ணில் பட்ட ஓரத்திலெல்லாம் பிதுக்கி, விரலால் ஒரு இழுப்பு. "போங்க சார், இனிமே வராது." அடுத்த மழைக்கு அதே வண்டி, அதே தண்ணீர், வேறு ஒர்க்‌ஷாப்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒழுகல் வேலையில் முக்கால்வாசிக்கு மேல் தேடுகிற வேலை. அடைப்பது சொச்சம். ஆனால் நம் ஊரில் அடைப்பதற்குத்தான் கூலி உண்டு, தேடுவதற்கு இல்லை. அதனால் எல்லோரும் அடைக்கிறார்கள், யாரும் தேடுவதில்லை. நாளைக்கு டிப்ளமோவைக் கையில் வாங்கிக்கொண்டு இந்தத் தொழிலுக்குள் போகப்போகிற நாம் இந்த வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை பக்கம்.

நம்மில் பாதிப் பேர் விவசாய வீட்டுப் பிள்ளைகள். வயலில் கட்டின தண்ணீர் காலையில் பார்த்தால் நிற்கவில்லை என்றால் அப்பா என்ன செய்வார்? வரப்பு முழுக்கச் சேற்றை அள்ளிப் பூசுவாரா? குனிந்தபடியே நடந்து நண்டு வளை தேடுவார். வளைக்கு உள் வாய் ஓரிடம், வெளி வாய் இன்னோரிடம். கீழ் வயலில் சலசலவென்று தண்ணீர் வருகிற வாயில் சேற்றை அப்பினால் அந்த நேரத்துக்கு நிற்கும். தண்ணீர் வரப்புக்குள்ளேயே ஊறி, ராத்திரி வேறு இடத்தில் உடைத்துக்கொண்டு போகும். மேல் பக்கத்து வாயைக் கண்டுபிடித்து, அங்கே மண்ணைப் போட்டு மிதித்தால்தான் நிற்கும். ஓட்டு வீட்டில் இருந்தவர்களுக்கும் இது தெரியும். ஓடு உடைந்திருப்பது முகட்டுக்குப் பக்கத்தில், சொட்டுவது பாட்டியின் கட்டிலுக்கு மேல். நடுவில் தண்ணீர் சட்டத்தின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்திருக்கிறது. காரும் இந்த ஓட்டு வீடுதான், தகரத்தில் கட்டினது. தண்ணீர் தெரிகிற இடமும் நுழைகிற இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

ஏன் ஒழுகுகிறது என்பதற்குக் கொஞ்சம் பாடி அமைப்பு தெரிய வேண்டும். காரின் வெளித்தகடு பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, 0.7, 0.8 என்ற கணக்கு. இந்தத் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஸ்பாட் வெல்டிங் போடுகிறார்கள். பெயரே சொல்கிறதே, புள்ளி புள்ளியாகத்தான் ஒட்டும். இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் தகடுகள் வெறுமனே தொட்டுக்கொண்டு நிற்கின்றன. தண்ணீருக்கு அந்த இடைவெளி தாராளம். தந்துகி விசையைப் பற்றி முதல் வருட பிசிக்ஸில் படித்தோமே, அது வேலை செய்கிற இடம் இது. அங்கே தண்ணீரைத் தடுப்பது இரும்பு கிடையாது, இணைப்பின்மேல் இழுத்திருக்கும் சீலர்தான். சீலர் வெயிலில் காய்ந்து, ரோட்டுப் பள்ளத்தில் பாடி முறுக்கிக்கொடுத்து, ஒரு மயிரிழை வெடிப்பு விட்டாலும் போதும்.

பழைய அம்பாசடரையும் பத்மினியையும் நினைத்துப் பாருங்கள். கூரை ஓரத்தில் வெளியே தெரிகிற மாதிரி ஒரு தகரத் தாழ்வாரம் இருக்கும். மழைத் தண்ணீர் அதில் விழுந்து, பின்னால் வழிந்து, கீழே போய்விடும். பின் கண்ணாடியை ஒரு தடித்த ரப்பரில் மாட்டியிருப்பார்கள். அந்த வண்டிகளும் ஒழுகின, ஒழுகவில்லை என்று யாரும் சாதிக்க முடியாது. ஆனால் ஒழுகுகிற இடம் கண்ணுக்குத் தெரிந்தது. 2014 மே மாதத்தோடு அம்பாசடர் உற்பத்தி நின்றது. இப்போது ஓடுகிற வண்டிகளில் அந்தத் தாழ்வாரத்தைக் கூரைக்குள்ளேயே ஒரு பள்ளமாக அமுக்கி, மேலே கறுப்பு பிளாஸ்டிக் பட்டை ஒன்றை அழுத்திவிட்டார்கள். பார்க்க அழகு, காற்றுச் சத்தமும் குறைவு. ஆனால் கூரைத் தகடும் பக்கத் தகடும் சேரும் இணைப்பு அந்தப் பட்டைக்கு அடியில் ஒளிந்துகொண்டது. கண்ணாடியும் பசையில் ஒட்டியது. ஆகவே தேடுகிறவனுக்கு வேலை கூடியிருக்கிறது, அவனுக்குக் கிடைக்கிற மரியாதை மட்டும் அப்படியே இருக்கிறது.

இன்-பிளான்ட் டிரெயினிங்கில் நான் பார்த்த ஒரு வண்டியைச் சொல்கிறேன். ஒர்க்‌ஷாப் பெயரும் வண்டிக் கம்பெனி பெயரும் நமக்கு வேண்டாம். நாலு கதவு, பின்னால் தனி டிக்கி உள்ள வண்டி. பக்கத்துக் கிராமத்துப் பெரியவர் ஒருவருடையது. விதை நெல், உர மூட்டை, தேங்காய் எல்லாம் அவருக்கு அந்த டிக்கியில்தான் போகும். ஸ்டெப்னி பள்ளத்தில் நாலு விரல் தண்ணீர். ஏற்கனவே மூன்று இடத்தில் பார்த்துவிட்டார். முதல் இடத்தில் டிக்கி பீடிங் புதுசு மாற்றினார்கள். இரண்டாவது இடத்தில் டெயில் லேம்ப் ஓரத்தில் சிலிகான். மூன்றாவது இடத்தில் ஒரு மகா புத்திசாலி, "தண்ணி வந்தா வந்துட்டுப் போவட்டும் ஐயா, நின்னாத்தானே தொந்தரவு" என்று பள்ளத்தின் அடியில் டிரில்லிங் மெஷினால் ஓட்டையே போட்டுவிட்டார்! விளைவு, மேலிருந்து வந்த தண்ணீரோடு ரோட்டுத் தண்ணீரும் சேர்ந்துகொண்டது.

எங்கள் சீனியர் மெக்கானிக் வண்டியைத் தொடவே இல்லை. முதலில் கேள்விதான் கேட்டார்.

"ஐயா, வண்டி மழையில சும்மா நின்னா தண்ணி வருதா? இல்ல, ஓடினாத்தான் வருதா?"

"நின்னாலே வருது தம்பி. வாசல்ல நிக்கிறப்பவே வருது."

"வாட்டர் சர்வீஸ் விட்டா?"

"அப்ப அவ்வளவா தெரியல. ராவெல்லாம் தூறுற மழைக்குத்தான் ரொம்ப."

இந்த ரெண்டு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்தது என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. ஓடும்போது மட்டும் தண்ணீர் வந்தால் சக்கரம் அடிக்கிற தண்ணீர், அதாவது வீல் ஆர்ச் இணைப்பு, பள்ளத்தின் அடியில் இருக்கிற ரப்பர் மூடி, பம்பருக்குப் பின்னால் உள்ள ஓட்டைகள். நின்றாலே வந்தால் மேலே. வாட்டர் சர்வீஸின்போது மட்டும் வந்தால் அது கோளாறாக இல்லாமலும் இருக்கலாம், ஏனென்றால் அந்தப் பிரஷருக்கு நல்ல ரப்பரையும் தாண்டித் தண்ணீர் போகும். மெல்லிய நெடு மழைக்கு அதிகம் வந்தால், எங்கோ ஒரு பள்ளத்தில் தண்ணீர் நின்று நிதானமாக ஊறுகிறது என்று அர்த்தம். மழையே இல்லாமல் தண்ணீர் இருந்தால்? பின் கண்ணாடி கழுவுகிற டியூப் உள்ள வண்டியாக இருந்தால் அந்த டியூப் கழன்றிருக்கலாம். இல்லாவிட்டால் வீட்டுக்காரர் வைத்த தண்ணீர் கேனைப் பாருங்கள்.

அன்றைக்கு என்ன செய்தோம் என்றால், டிக்கியில் இருந்த மேட், அட்டை, லைனிங், ஸ்டெப்னி அத்தனையும் வெளியே எடுத்தோம். பழைய துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்து, பொட்டு ஈரம் இல்லாமல் ஆக்கினோம். இதைத் தாண்டிக் குதிக்கிறவன்தான் அதிகம். பழைய ஈரம் இருக்கும்போது புது ஈரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பிறகு இணைப்புகள் ஓரமாக முகப் பவுடரை மெல்லத் தூவினோம். பவுடரில் தண்ணீர் ஓடினால் பாம்பு போன தடம் மாதிரி கோடு விழும். அப்புறம் பின் சீட்டை மடக்கிவிட்டு ஒரு ஆள் டார்ச்சோடு டிக்கிக்குள் படுத்துக்கொண்டான். (அது நான்தான், மூன்று பேரில் நான்தான் ஒல்லி.) வெளியே ஒருவர் ஹோஸைப் பிடித்தார். பிரஷர் வேண்டாம், தோட்டத்துக்குப் பாய்ச்சுகிற மாதிரி சும்மா வழிய வேண்டும்.

இங்கே ஒரு விதி. தண்ணீரைக் கீழிருந்து மேலாகத்தான் விட வேண்டும். முதலில் பம்பர் ஓரம், அப்புறம் டெயில் லேம்ப், அப்புறம் டிக்கி மூடியின் ஓரம், அப்புறம் பின் கண்ணாடி, கடைசியில் கூரை. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடமாவது விட்டு, காத்திருந்து, அதன் பிறகே அடுத்தது. மேலே ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டே கீழே வரும். எது வழி என்று யார் சொல்வது?

பம்பர் ஓரம், ஒன்றும் இல்லை. டெயில் லேம்ப், இல்லை. டிக்கி பீடிங், இல்லை. பெரியவர் பணம் கொடுத்து மாற்றிய பீடிங், பழசே நன்றாகத்தான் இருந்திருக்கும். பின் கண்ணாடி, இல்லை. இரண்டு மணி நேரம் போய்விட்டது, உள்ளே எனக்கு வியர்வைதான் ஒழுகியது. கூரைக்கு ஹோஸ் போய் ஆறேழு நிமிடம் கழித்து, இடது பக்கம் சக்கரக் கூண்டுக்குப் பின்னால் பவுடரில் ஒரு கோடு. அதைப் பிடித்துக்கொண்டே மேலே போனால், பின் கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணின் உள்ளிருந்து வருகிறது. கூரை ஓரத்துப் பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றிப் பார்த்தால், பள்ளத்தில் அடித்திருந்த சீலரில் சுமார் ஒரு அங்குல நீளத்துக்கு வெடிப்பு. நுழைந்த இடத்துக்கும் நின்ற இடத்துக்கும் குறுக்கே நாலடி தூரம்!

பழைய சீலரைச் சுரண்டி, துருவைத் தேய்த்து, பிரைமர் அடித்து, காய்ந்ததும் புது சீலர் இழுத்தோம். காய விட்ட நேரம் போக, கை வேலை இருபது நிமிடம்கூட இல்லை. அடியில் போட்டிருந்த ஓட்டையை வெல்டு வைத்து அடைத்தோம்.

பில் எழுதும்போதுதான் என் வயிறு எரிந்தது. சீலர், பிரைமர், வெல்டிங்குக்குக் காசு கொடுக்கப் பெரியவருக்கு ஆட்சேபணை இல்லை. மூன்று மணி நேரம் தேடியதற்கு என்று ஒரு தொகை சொன்னதும், "தேடுனதுக்குக் காசா? என்ன தம்பி இது, புதுசா இருக்கே" என்றார். அவர் நல்ல மனிதர், ஏமாற்றுகிற ஆள் இல்லை. அவருக்குப் பழக்கம் அப்படி. ஏற்கனவே மூன்று இடத்தில் தேடாமல் வாங்கிய காசைக் கூட்டினால் நாங்கள் கேட்டதைவிட அதிகம். ஆனால் அங்கே அவர் கையில் பீடிங் என்று ஒரு பொருளைக் காட்டினார்கள். பொருளுக்குக் காசு கொடுக்கலாம், பார்வைக்கு எப்படிக் கொடுப்பது?

அப்படியும் சொல்லிவிட முடியாது. அதே ஒர்க்‌ஷாப்பில் எஞ்சின் லைட் எரிகிறது என்று வருகிற வண்டிக்கு ஸ்கேனரைச் சொருகி, திரையில் நாலு எழுத்து ஓடினால், ஸ்கேனிங் சார்ஜ் என்று தனியாக எழுதுகிறார்கள். யாரும் சண்டைக்கு வருவதில்லை. டாக்டரிடம் போனால் மருந்து வாங்காவிட்டாலும் பீஸ் உண்டு. திரையில் எழுத்து ஓடினால் அது தேடல். ஆள் டிக்கிக்குள் படுத்து மூன்று மணி நேரம் பார்த்தால் அது சும்மா. இது நியாயமா? கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு தொகை, சரி செய்ய ஒரு தொகை, இரண்டையும் வேலை ஆரம்பிக்கும் முன்பே வாயால் சொல்லிவிட வேண்டும், பில்லில் இரண்டு வரியாக எழுத வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கண்டுபிடிக்க முடியாவிட்டால்? அதற்கும் ஒரு பதில் வேண்டும். எங்கெங்கே பார்த்தோம், எங்கே இல்லை என்று தாளில் எழுதிக் கொடுத்தால், அடுத்தவர் அங்கிருந்து தொடங்கலாம். அந்தத் தாளுக்கு மதிப்பு உண்டு, அதனால் பாதித் தொகை வாங்குவதில் தப்பில்லை. கணக்கில் வராத வேலையை ஒரு ஒர்க்‌ஷாப்காரர் எத்தனை நாள் செய்வார்? சிலிகான் ட்யூபை எடுக்கிறவரை நான் முழுசாகத் திட்டாததற்குக் காரணம் அதுதான்.

முழுசாகத் திட்டவில்லை என்றேன். கொஞ்சம் திட்டத்தான் வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கிற சிலிகான் பலவற்றில் பிதுக்கும்போதே காடி வாசனை வரும், கவனித்திருக்கிறீர்களா? அது காயும்போது அசிட்டிக் அமிலம் வெளிவிடுகிறது. பெயிண்ட் போன வெறும் இரும்பின்மேல் அதைப் பூசினால் துருவுக்கு நாமே விருந்து வைத்த மாதிரி. அதன்மேல் பெயிண்ட் ஒட்டாது, பிறகு ஒழுங்கான சீலர் போடலாம் என்றாலும் அதைச் சுத்தமாக எடுக்கிறதுக்குள் கை ஓய்ந்துவிடும். பிசைந்து ஒட்டுகிற எம்-சீல் மாதிரிச் சமாச்சாரம் குழாய்க்கு நல்லது. ஆனால் காரின் பாடி ஓடும்போது அசைந்துகொண்டே இருக்கும், அது கல்லாக இறுகி ஓரத்தில் விட்டுக்கொள்ளும். தகடு இணைப்புக்கு பாலியூரித்தேன் சீம் சீலர், டெயில் லேம்புக்குப் பின்னால் பியூட்டைல் டேப், அல்லது கம்பெனி கேஸ்கெட். லேம்ப் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் ஒழுகல் நின்றுவிடும் என்று வெறியோடு இறுக்கி, லேம்ப் கூட்டையே விரிசல் விட வைத்தவர்கள் உண்டு.

பீடிங்கை மாற்றும் முன் ஒரு தாள் துண்டு போதும். மூடிக்கும் ரப்பருக்கும் நடுவில் தாளை வைத்து டிக்கியைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் நாலு விரலுக்கு ஒரு இடம். பிடித்து இழுத்துக்கொண்டு வந்தால் சரி, வழவழவென்று வந்தால் அங்கே அமுக்கம் இல்லை. பல சமயம் ரப்பர்மேல் தப்பே இருக்காது, லாக் பிடிக்கிற ஸ்டிரைக்கரைக் கொஞ்சம் இறக்கினாலே மூடி நன்றாக அமர்ந்துவிடும். சாக்பீஸ் வைத்தியமும் உண்டு: ரப்பர் உட்காரும் விளிம்பில் சாக்பீஸைத் தேய்த்து மூடித் திறந்தால், ரப்பரில் சாக்கு படாத இடம் தெரிந்துவிடும்.

ராத்திரியில் டிக்கிக்குள் பெரிய டார்ச் ஒன்றை எரியவிட்டு மூடி, வெளியே நின்று வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்கலாம். இன்னொன்று, கதவையெல்லாம் சாத்தி, வெளிக்காற்று எடுக்கிற மாதிரி வைத்து, புளோயரை முழு வேகத்தில் ஓடவிட்டு, வெளியே இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வரும், சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்க்கிற மாதிரி. பம்பருக்குப் பின்னால் காற்று வெளியேற என்றே ஒரு ரப்பர் மடிப்பு வைத்திருப்பார்கள், அங்கே குமிழி வந்தால் பதறாதீர்கள், அது அதன் வேலை. காற்று வெளியே போகிறதா என்பதைவிட, அந்த மடிப்பின் சுற்று ஓரத்தில் தண்ணீர் உள்ளே வருகிறதா என்று பாருங்கள்.

டிக்கிக்குள் ஆள் படுக்கும் சோதனைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. எஞ்சின் ஓடக் கூடாது, பின் சீட்டு மடங்கியே இருக்க வேண்டும், வெளியே சாவியோடு ஒரு ஆள் நகராமல் நிற்க வேண்டும். உச்சி வெயிலில் வேண்டவே வேண்டாம். சீட்டு மடங்காத வண்டி என்றால் ஆளுக்குப் பதில் செல்போனில் வீடியோவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்தாலே போதும். சின்னப் பையன்களை "நீ உள்ள போடா" என்று ஏற்றுவது குற்றம்.

தூர் வாருவது பற்றியும் சொல்ல வேண்டும். டிக்கி வாயைச் சுற்றி ஒரு வாய்க்கால் இருக்கிறது, கவனித்திருப்பீர்கள். மூடி இடுக்கில் இறங்குகிற தண்ணீரை அது இரண்டு பக்கமும் வாங்கிக் கீழே விட்டுவிடும். தண்ணீர் அங்கே வருவது கோளாறே இல்லை, வந்து போக வேண்டும், அவ்வளவுதான். வண்டியை வேப்ப மரத்தடியில் நிறுத்தினால் பூவும் சருகும் அதை அடைத்துவிடும். அடைபட்ட தண்ணீர் ரப்பரைத் தாண்டும். கூரையில் திறக்கிற கண்ணாடி உள்ள வண்டியில் மூலைகளிலிருந்து மெல்லிய டியூப்கள் தூண் வழியாகக் கீழே இறங்கும், அவையும் இப்படித்தான் அடைபடும். 1934-ல் மேட்டூர் அணையோடு வந்தது நம் புது ஆறு, அதாவது கல்லணைக் கால்வாய். ஜூனில் தண்ணீர் வருவதற்குள் தூர் வாரவில்லை என்றால் கடைமடைக்காரர் சும்மா விடுவாரா? காரின் வாய்க்காலைக் கேட்க ஆள் இல்லை.

"டிக்கியில கொஞ்சம் தண்ணிதானே, அதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று நீங்கள் கேட்கலாம். நம் பகுதியில் அந்த டிக்கியில் என்ன போகிறது என்று யோசியுங்கள். பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு, அதாவது ஒரு வகை உப்பு. கிழிந்த மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி சிந்தி, நின்ற தண்ணீரில் கரைந்தால், அந்தப் பள்ளம் உப்புத் தொட்டிதான். துரு எத்தனை வேகமாக ஓடும் என்று கெமிஸ்ட்ரி படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டெப்னி ரிம்மும் ஜாக்கியும் அந்தத் தண்ணீரில்தான் ஊறிக்கொண்டு கிடக்கின்றன. ராத்திரி பதினோரு மணிக்கு, குடும்பத்தோடு வருகிற வழியில் பஞ்சர் ஆனால், ஜாக்கி சுற்றாது. டெயில் லேம்ப் வயரிங் கனெக்டரில் பச்சை பிடித்தால் பிரேக் லைட் எரியாது, பின்னால் வருகிற நெல் லாரிக்கு நீங்கள் பிரேக் போட்டது தெரியாது.

இதைவிடப் பெரிய விஷயம் சி.என்.ஜி. வண்டிகள். நம் பக்கத்திலும் வாடகை வண்டிகளில் பெருகிவருகிறது. சிலிண்டர் உட்கார்ந்திருப்பது டிக்கியில், அதைத் தாங்குகிற பிராக்கெட் போல்டு போட்டிருப்பது டிக்கித் தரையில். வெளியே கிட் மாட்டியவர்கள் போட்ட போல்டு ஓட்டைகளைச் சுற்றிச் சீலர் வைக்கவில்லை என்றால், அதுவே ரோட்டுத் தண்ணீருக்கு வாசல். சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் உண்டு, அது சட்டம். ஆனால் சிலிண்டர் எத்தனை உறுதியாக இருந்து என்ன, அதைப் பிடித்திருக்கிற தகடு துருப்பிடித்து அப்பளமாக இருந்தால்? இடித்தால் அது எங்கே போகும்? முன் சீட்டில் இருப்பது நம் அண்ணன்களில் ஒருவர்.

கஜா புயலையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை அது நம் பக்கத்தைப் புரட்டிப்போட்டது யாருக்கும் மறந்திருக்காது. லட்சக்கணக்கில் தென்னை சாய்ந்தது. வாசலில் நின்ற வண்டிகள்மேலும் மரம் விழுந்தது. அப்போது டிங்கரிங் ஷெட்டுகளில் கூட்டம், எல்லோருக்கும் அவசரம். கூரையைத் தூக்கி, பின் தகட்டை வெட்டி மாற்றி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து அனுப்பினார்கள். வெளியே பளபளவென்று இருந்தது. உள்பக்க இணைப்பில் சீலர் போட்டார்களா என்று யார் பார்த்தது? அப்படிக் கை வைத்த வண்டிகளில் சில, விற்று வாங்கி மூன்றாவது கை மாறி, டிக்கியில் தண்ணீர் என்று வருவதை நான் பார்த்திருக்கிறேன். டிங்கர் அண்ணன்களை நான் குறை சொல்லவில்லை. கோணல் தகட்டைக் கண்ணால் அளந்து நேராக்குகிற அந்தக் கை நமக்கு மூன்று வருடப் படிப்பில் வராது. ஆனால் கார் பேக்டரியில் அசெம்பிளி முடிந்த வண்டியை ஷவருக்கு அடியில் நிறுத்தி, தண்ணீரை நாலா பக்கமும் அடித்து, உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வெளியே விடுகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலைக்குப் போன நம் சீனியர்களைக் கேட்டால் சொல்வார்கள். புது வண்டிக்கே அது வேண்டும் என்றால், வெட்டி ஒட்டிய வண்டிக்கு வேண்டாமா? பாடி வேலை முடிந்த ஒவ்வொரு வண்டிக்கும், டெலிவரிக்கு முன் பத்து நிமிடம் ஹோஸ், ஒரு டார்ச். இதற்கு முதலீடு என்ன ஆகிவிடும்?

"தம்பி, இதெல்லாம் பேப்பர்ல எழுத நல்லா இருக்கும். கஸ்டமர் நாளைக்கே வண்டி வேணும்பாரு" என்று ஒரு ஒர்க்‌ஷாப் அண்ணன் என்னிடம் சொன்னார். உண்மைதான், கல்யாண சீசனில் அவர் பாடு அவருக்குத்தான் தெரியும். அவருக்கு நான் சொன்னது, "அண்ணே, காய வைக்க ஒரு நாள், தேட அரை நாள்னு வண்டி உள்ள வரும்போதே சொல்லிடுங்க. சொல்லாம இழுத்தாத்தான் கோவம் வரும்." அவர் சிரித்தார். ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை, அந்த வாரம் ஒரு வண்டிக்கு லைனிங்கைக் கழற்றிக் காயப்போட்டிருந்தார்.

நம் பக்கத்துக்கு வருவோம். எஞ்சினைப் பிரித்து மாட்டுகிறோம், கியர் பாக்ஸை வெட்டிப் பார்க்கிறோம், எமிஷன் அளக்கிறோம். எல்லாம் தேவை. தண்ணீர் எங்கே நுழைகிறது என்று தேட மட்டும் லேபில் ஒரு பீரியட் கூட நான் பார்த்ததில்லை. பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். யூனியனுக்கு ஒரு யோசனை: வருகிற புரட்டாசியில், அடைமழை பிடிக்கும் முன், ஒரு சனிக்கிழமை ஆட்டோ ஷெட்டில் இலவச ஒழுகல் சோதனை முகாம் வைப்போம். அடைப்பது நம் வேலை இல்லை. தேடுவது மட்டும். கண்டுபிடித்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு, தாளில் படம் வரைந்து, வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுவோம். அவர் விரும்பின ஒர்க்‌ஷாப்பில் சரி செய்துகொள்ளட்டும். அதனால் ஒர்க்‌ஷாப் அண்ணன்களுக்கும் நம்மேல் வருத்தம் வராது. சிவில், மெக்கானிக்கல் நண்பர்களும் வரலாம், மொட்டை மாடி ஒழுகலும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான். ஒரு நாளைக்கு ஆறு வண்டிக்கு மேல் எடுக்க வேண்டாம், அவசரப்பட்டால் நாமும் பழைய ஒர்க்‌ஷாப் மாதிரிதான் ஆவோம்.

தேவைப்படுவது: நீளமான ஹோஸ் ஒன்று, டார்ச் இரண்டு, முகப் பவுடர் நாலு டப்பா, சாக்பீஸ், பழைய துணி ஒரு மூட்டை, பட்டை கழற்றப் பிளாஸ்டிக் நெம்புகோல், டிக்கிக்குள் படுக்க ஒல்லியான ஆட்கள் மூன்று பேர். ஒல்லியானவர்கள் பெயர் கொடுக்க ஷெட்டில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்.